சரணம் கேட்டவருக்கு என்ன பெயர்?

1947-ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஊரையும் உடைமையையும் விட்டு எல்லையைக் கடந்தார்கள். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்தவர்களில் பலர் டில்லி, குருக்ஷேத்திரம் முதலிய இடங்களில் அமைந்த முகாம்களில் தங்கினர். அவர்களுக்கு வட இந்தியாவில் வழங்கிய பெயர் 'சரணார்த்தி'. சரணம் என்பது புகலிடம். அதை வேண்டி நிற்பவர் சரணார்த்தி. அகராதிப்படி அச்சொல்லில் குற்றம் ஏதுமில்லை.

ஆயினும் அம்மக்களில் பலர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தங்களைப் 'புருஷார்த்தி' என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டனர். தன் முயற்சியால் வாழ்வை மீண்டும் அமைத்துக்கொள்பவர் என்பது அதன் கருத்து. வீடு போயிற்று, நிலம் போயிற்று, உற்றார் பலர் உயிரிழந்தனர். அத்தனையும் இழந்து நின்றவர்கள் ஒரு சொல்லுக்காக ஏன் வாதாட வேண்டும்? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பெயரும் பார்வையும்

ஒருவருக்கு இடப்படும் பெயர், அவரிடம் பிறர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. சரணார்த்தி என்ற சொல்லில் நீட்டிய கை தெரிகிறது. புருஷார்த்தி என்ற சொல்லில் உழைக்கும் கை தெரிகிறது. எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்கள் டில்லிக்கு அருகே ஃபரீதாபாதில் தங்கள் குடியிருப்புகளைத் தாங்களே உழைத்துக் கட்டினார்கள். அவர்கள் விரும்பிய பெயர் வெறும் வீறாப்பு அன்று என்பதற்கு அந்நகரம் சான்று.

வங்காளத்தில் இத்தகையோரை 'உத்வாஸ்து' என்றனர். வாஸ்து என்பது குடியிருந்த மனை. அதிலிருந்து பெயர்த்தெறியப்பட்டவர் உத்வாஸ்து. பாகிஸ்தானுக்குச் சென்றவர்கள் 'முஹாஜிர்' எனப்பட்டனர். சமயத்தில் உயர்வாகக் கருதப்படும் பயணத்தை நினைவூட்டும் பெயர் அது. தமிழில் வழங்கும் 'அகதி' என்பதற்கோ கதியற்றவர் என்று பொருள். ஒரே துயரம்தான். ஒரு சொல் இழப்பைக் கூறுகிறது, மற்றொன்று பயணத்தை, வேறொன்று இல்லாமையை, இன்னொன்று முயற்சியைக் கூறுகிறது. ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. முழு மனிதர் எதிலும் இல்லை.

சட்டத்தின் சொல்

அரசாங்கம் வேறுபாடு காணாமல் இயங்க முடியாது. யாருக்கு வாக்குரிமை, யாருக்குக் கடவுச்சீட்டு என்று அது வரையறுத்தே ஆக வேண்டும். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், இந்தியக் குடிமகன் அல்லாதவரை 'வெளிநாட்டவர்' என்றது. அதற்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவரையும் அனுமதிக் காலம் கடந்து தங்கியவரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என வரையறுத்தது. இவற்றை வசைச்சொற்கள் என்று கூறுவது நேர்மையாகாது. இவை ஆவணங்களைப் பற்றிய சொற்கள்.

ஆவணத்தைப் பற்றிய சொல் மனிதனையே விழுங்கும்போதுதான் பிழை தொடங்குகிறது. ஸ்படிகத்தின் அருகில் செம்பருத்தி மலரை வைத்தால் ஸ்படிகமே சிவப்பாகத் தோன்றும். வேதாந்தம் இதனை உபாதி என்கிறது. உரிமம் இன்றி வண்டி ஓட்டியவரின் செயல் சட்டவிரோதமானது. அதற்காக வாழ்நாள் முழுவதும் 'சட்டவிரோதமானவர்' என்று அவரை யாரும் அழைப்பதில்லை. தாயின் இடுப்பில் அமர்ந்து எல்லையைக் கடந்த இரண்டு வயதுக் குழந்தையோ எதையும் முடிவு செய்யவில்லை. ஆயினும் அதே பெயரைச் சுமந்துகொண்டு வளர்கிறது. செயலுக்கு உரிய சொல் செயலோடு நிற்க வேண்டும்.

பெயரை மாற்றினால் போதுமா?

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்கள் தங்கிய இடங்கள் நெடுங்காலம் 'அகதிகள் முகாம்' எனப்பட்டன. 2021-இல் மாநில அரசு அவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்க முடிவு செய்தது. முகாமிலேயே பிறந்து, பள்ளிப் படிவத்தில் 'அகதி' என்று எழுதி வளர்ந்த ஒருவருக்கு இது சிறிய செய்தி அன்று. ஆனால் புதிய பெயர்ப் பலகை குடியுரிமையைத் தந்துவிடுவதில்லை.

அமெரிக்காவில் 2021-இல் குடியேற்ற அதிகாரிகள் 'சட்டவிரோத ஏலியன்' என்ற சொல்லைத் தவிர்க்கும்படி பணிக்கப்பட்டனர். 2025-இல் ஆட்சி மாறியதும் 'ஏலியன்' என்ற சொல் திரும்பிவந்தது. ஆணையால் வந்த சொல் ஆணையாலேயே போயிற்று. மேலும், இனிய சொல் உண்மையை மறைக்கவும் கூடும். எவ்வுரிமையும் இன்றி ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு 'விருந்தினர்' என்று அழைப்பதும் பொய்யே. கீதை வாக்கின் தவத்தைக் கூறும் இடத்தில், பிறர் மனத்தைக் கலக்காமையையும் சத்தியத்தையும் ஒருசேர வைக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

சொல்லில் படிந்த கறை

இனி முதற் கேள்விக்கு வரலாம். பக்தி மரபில் சரணாகதி மிக உயர்ந்த நிலை. அவ்வாறிருக்க, சரணார்த்தி என்பது எவ்வாறு இழிசொல் ஆயிற்று?

விபீஷணன் கடலைக் கடந்து வந்து நின்றபோது, அவனுக்குப் பல பெயர்கள் காத்திருந்தன. பகைவனின் தம்பி என்றும் அரக்கன் என்றும் வானர வீரர்கள் ஐயுற்றனர்; ஒற்றனாக இருக்கலாம் என்றும் எச்சரித்தனர். இராமபிரான் அவர்கள் கருத்தை அலட்சியம் செய்யவில்லை. அனைவரையும் பேசவிட்டுக் கேட்டார். எச்சரிக்கை தவறன்று. ஆனால் வந்தவனுக்குப் பெயரிடும் உரிமையை அவர் அச்சத்திடம் ஒப்படைக்கவில்லை. அவருக்கு அவன் சரணம் அடைந்தவன். அந்தப் பெயரால் விபீஷணன் சிறுமையடையவில்லை.

ஆகவே, கறை சொல்லில் இல்லை. அதை உச்சரிக்கும் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சம் மாறாதவரை புதிய சொல்லும் சில ஆண்டுகளில் பழைய சொல்லைப் போலவே கசந்துவிடும். முகாமின் வாயிலில் நின்றவர்களுக்கு ஒரு சொல் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதும் இங்கே விளங்குகிறது. எல்லாம் போன பின்பு அவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை மானம். அந்தச் சொல் அதைத் தொட்டது.

எச்சொல் தகும் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அச்சொல்லை அவருடைய குழந்தை அருகில் நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பார்க்கலாம். நா தயங்குமானால், மாற வேண்டியது சொல் மட்டுமன்று.