பந்தல் பிரிக்கும் நாள்

கல்யாணப் பந்தல் போடுகிற அன்று பத்துப் பேர் யோசனை சொல்ல வருவார்கள். பந்தல் பிரிக்கிற அன்று வருகிறவர்கள் பந்தல்காரரும் அவருடைய ஆட்களும்தான். தெருவில் தோண்டிய குழிகளை மூடினார்களா என்று கேட்பார் இல்லை. இருட்டில் அந்தக் குழியில் கால் வைக்கிற வழிப்போக்கன் ஒருவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறான்.

தொடங்கியவனுக்கு முடித்துவைக்கிற கடமை உண்டா? உண்டு என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் முடிப்பது அவன் சக்திக்கு மீறிப்போய்விட்டால்? அப்போதும் கடமையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை என் மனசில் எழுப்பியவை வடகடலில் நிற்கும் சில கான்கிரீட் தூண்கள்.

'பிரென்ட்' என்ற பெயர் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. கச்சா எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுகிற பெயர். உண்மையில் அது ஒரு காட்டு வாத்தின் பெயர். ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வடகிழக்கே 1971-ல் ஷெல் கம்பெனி கண்டுபிடித்த எண்ணெய் வயலுக்கு அதைச் சூட்டினார்கள். 1976-ல் அங்கே எண்ணெய் வரத் தொடங்கிற்று. 140 மீட்டர் ஆழமுள்ள கடலில் நான்கு மேடைகள் எழுந்தன. அவற்றில் மூன்றுக்குக் கான்கிரீட் கால்கள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் சுமார் 3,00,000 டன். 2021-ல் கடைசி மேடையும் ஓய்ந்தது. வயல் ஓய்ந்த பிறகும் விலைப் பட்டியலில் அதன் பெயர் மட்டும் வாழ்கிறது.

2017-ல் 'டெல்டா' என்ற மேடையின் மேல்பகுதியை, 24,200 டன் எடையை, ஒரே தூக்காகத் தூக்கி ஒரு கப்பல் கரைக்குக் கொண்டுபோயிற்று. மனிதனின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் கால்கள்? அவற்றை அங்கேயே விட்டுவிட அனுமதி வேண்டும் என்கிறது கம்பெனி. தூக்குவது பேராபத்து, அடியில் உள்ள அறைகளிலோ பழைய எண்ணெய்க் கசடு படிந்திருக்கிறது. இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 1988-ல் பைப்பர் ஆல்ஃபா மேடை தீப்பற்றி 167 பேரைப் பலிகொண்ட கடல் அது. கடலடியைச் சுத்தமாக வைப்பதற்காக ஒரு தொழிலாளியின் உயிரைப் பணயம் வைப்பது தர்மமாகுமா?

என்றாலும் ஒரு வருஷம் என்னை உறுத்துகிறது. 1958-ல் ஜினீவாவில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையில், கைவிடப்பட்ட கடல் கட்டுமானங்களை முழுவதும் அகற்றிவிட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. பிரென்ட் மேடைகள் பிறப்பதற்கு முன்பே எழுதிய ஷரத்து! அது இருந்தும் அசைக்க முடியாத கால்களை ஊன்றினார்கள். 1982-ல் வந்த கடல் சட்ட உடன்படிக்கை, கப்பல்களுக்கு ஆபத்தில்லாதபடி அகற்றினால் போதும் என்று பிடியைத் தளர்த்தியது. 1995-ல் பிரென்ட் ஸ்பார் என்ற பழைய மிதவைத் தொட்டியை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்க ஷெல் முனைந்தபோது ஐரோப்பாவில் எதிர்ப்புக் கிளம்பிற்று, கம்பெனி பின்வாங்கியது. 1998-ல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் மறுபடியும் பிடியை இறுக்கின. ஆனால் கான்கிரீட் அடித்தளங்களுக்கு விலக்குக் கேட்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தன.

'முடியாது' என்று இன்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வானத்திலிருந்து விழுந்த முடியாமை அல்ல. நேற்று நாமே செய்துகொண்டது. திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று பாராமல் கடன் வாங்கியவன், கெடு வந்ததும் கையை விரிக்கிறான். அவன் கையில் காசில்லை என்பது மெய்தான். அதனால் அவன் நிரபராதி ஆகிவிடுவானா?

பிரிட்டிஷ் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வயலை விற்றுவிட்டுப் போன பழைய சொந்தக்காரரையும் செலவுக்குக் கூப்பிட அதில் இடமுண்டு. ஆனால் அகற்றும் செலவுக்கு வரிச் சலுகையும் உண்டு. ஆகவே ஒரு பங்கு சர்க்கார் கஜானாவின் தலையில், அதாவது எண்ணெய் பெருகிய நாளில் பிறந்தே இராதவர்களின் தலையிலும் விழுகிறது.

இனிக் கடலில் கால் ஊன்றுகிறவர்கள், ஊன்றும் வரைபடத்திலேயே பிடுங்கும் வழியையும் வரையட்டும். முதல் பீப்பாய் விற்ற பணத்திலிருந்தே பிரிக்கும் செலவுக்கு எடுத்துவைக்கட்டும். கட்டுகிற என்ஜினீயருக்குத் தருகிற மரியாதையைப் பிரிக்கத் தெரிந்த தொழிலாளிக்கும் தரட்டும். தொழில் நடக்கிறபோதே அவனைத் தயார்செய்யாவிட்டால், தேவைப்படுகிற நாளில் அவன் கிடைக்கமாட்டான்.

அந்தக் கான்கிரீட் கால்களைப் பிடுங்க முடியாதென்றால் நிற்கட்டும். கப்பல்கள் மோதாமலிருக்க அவற்றின் உச்சியில் விளக்கு எரிந்தாக வேண்டும். கிணறு வற்றி, அதன் லாபத்தைக் கண்டவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகும், அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் கடமை அதுதான்.