சொன்ன காரணமும் தேடிய காரணமும்

ஒரு முடிவுக்குச் சொல்லப்படும் காரணம், முடிவெடுத்தபோதே இருந்ததா, கேள்வி எழுந்த பிறகு தேடிப் பிடிக்கப்பட்டதா என்று பார்ப்பதே எந்த வழக்கிலும் முதல் வேலை. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் இந்தக் கேள்விக்குத் தரும் இடத்தை, ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் மலாக்கா நகரத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்துகொள்வது அவசியம்.

அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம். பின்னாளில் மாமன்னரான நீதிபதி ராஜா அஸ்லான் ஷா, 1981-இல் வெளிவந்த கூன் குவீ போய் வழக்கின் தீர்ப்பில், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டதாலேயே முதலாளி காரணம் காட்டும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை என்றும், அவர் சொன்ன காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதையே நீதிமன்றம் ஆராய வேண்டுமென்றும், அவர் சொல்லாத வேறொரு காரணத்தை நீதிமன்றமே கண்டுபிடித்துத் தரக்கூடாதென்றும் வகுத்தார்.

செம்பனைக் குலைகளைத் திருடியதாகக் கடிதம் கொடுத்து ஒருவரை நிறுத்திய நிர்வாகம், திருட்டை மெய்ப்பிக்க முடியாத நிலையில், அவர் காலைப் பெரட்டுக்கு அடிக்கடி தாமதமாக வந்தவர் என்று பேசத் தொடங்கினால், அந்தத் தாமதம் உண்மையாகவே இருந்தாலும் அதைக் கொண்டு அந்த நீக்கத்தைக் காப்பாற்ற முடியாது. ஏனெனில் அவர் பதில் சொல்ல அழைக்கப்பட்டது திருட்டுக்கே தவிர தாமதத்துக்கு அல்ல. கேட்கப்பட்ட குற்றத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்ற இந்தக் காப்பு இல்லாவிட்டால், எந்த விசாரணையும் முடிவுக்கு வராது.

காரணம் காட்டும் கடமை ஒருதலையானதும் அல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராத தொழிலாளர், தக்க காரணம் வைத்திருப்பதோடு, அதை இயன்ற விரைவில் நிர்வாகத்துக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருக்க வேண்டும். பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தது நல்ல காரணமே. ஆனால் கிராணிக்கு ஒரு தகவலாவது போக வேண்டும்.

காரணத்தைச் சோதிக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், ஒரு கூற்றை நிறுவக் காட்டப்படும் காரணத்தை ‘ஏது’ என்றும், காரணம்போலத் தோன்றி எதையும் நிறுவாததை ‘ஏதுப் போலி’ என்றும் பிரித்து, பிந்தியதை மூன்று வகைப்படுத்துகிறார். அவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒன்றுபோலக் காணப்படுவதால் எப்பக்கமும் சாயாத காரணம். ஆலயக் கணக்கு பற்றிய கூட்டத்தில், பொருளாளர் வசதியான குடும்பத்தவர், ஆகவே பணத்தைத் தொட்டிருக்க மாட்டார் என்று ஒருவர் எழுந்து வாதாடும்போது இப்போலியே பேசுகிறது. வசதியுள்ளோரில் நேர்மையானவரும் உண்டு, அல்லாதவரும் உண்டு. ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் அரைமணி நேரத்தில் தீரக்கூடிய அந்தச் சண்டை, குடும்பப் பெருமை நடுவில் வந்துவிடுவதால் ஊரையே இரண்டாக்குவது வேதனைக்குரியது.

சட்டத்துக்குத் திரும்பினால், முன்பு ஒரு நீக்க வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்பது அமைச்சரின் முடிவாக இருந்தது. 2021 ஜனவரி முதல், சமரசத்தில் தீராத முறையீட்டைத் துறையின் தலைமை இயக்குநரே அங்கு அனுப்புகிறார். இருந்தும், துரையிடம் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு என்ற கங்காணி காலத்து அச்சம் பல வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டவர், அதன் காரணத்தை அன்றே எழுத்தில் கேட்டு வாங்க முயல வேண்டும். பதில் வராவிட்டாலும், நீக்கப்பட்ட நாளைக் குறித்துவைத்து 60 நாளுக்குள் முறையிட அவருக்கு உரிமை உண்டு.