கைமுதலைத் தின்ற வியாபாரம்

நியாயமான வியாபாரம் எது என்று நம்மைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வோம். அளவை நிறுவையில் மோசம் செய்யாதிருத்தல், சொன்ன சொல் தவறாதிருத்தல், வேலையாளின் கூலியைக் குறைக்காதிருத்தல் என்போம். பதில் சரிதான். ஆனால் அது முழுமையான பதில்தானா? இதைச் சிந்திப்பதற்காக உலகின் தென்கோடிவரை ஒருமுறை சென்று வருவோம்.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கு ஜார்ஜியா என்றொரு பனித்தீவு உண்டு. அங்கே நிரந்தரக் குடிமக்கள் எவருமில்லை. கோடை மாதங்களில் உல்லாசக் கப்பல்கள் பிரயாணிகளை அங்கு அழைத்துச் செல்கின்றன. கூட்டங்கூட்டமாக நிற்கும் பெங்குவின் பறவைகளையும், கரையில் புரளும் சீல்களையும் கண்டு அவர்கள் மகிழ்கிறார்கள். பிறகு கிரிட்விக்கன் என்னும் இடத்தில் இறங்குகிறார்கள். அங்கே துருப்பிடித்த கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் நிற்கின்றன. அது திமிங்கில எண்ணெய் ஆலை.

1904இல் லார்சன் என்ற நார்வேக்காரர் அந்த ஆலையை நிறுவினார். வேறு ஆலைகளும் தொடர்ந்து எழுந்தன. 1965 வரையில் அத்தீவில் சுமார் 1,75,000 திமிங்கிலங்கள் வெட்டப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு மீதியைக் கடலில் தள்ளினார்கள். எண்ணெய் சவர்க்காரமாகவும் மார்ஜரினாகவும் ஊர்தோறும் விலை போயிற்று. கடைசியில் பிடிக்கத் திமிங்கிலம் இல்லை, ஆலைகள் மூடப்பட்டன.

அந்த மனிதர்கள் கொடியவர்களா? அப்படிச் சொல்வதற்கில்லை. 1913இல் தங்கள் வணக்கத்துக்கென ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். 1916 மே மாதம், கப்பலைப் பனிக்கட்டிக்குப் பறிகொடுத்த ஷாக்கிள்டன் இரு தோழர்களுடன் மலை கடந்து அவர்களது வாசலில் வந்து நின்றார். உணவும் உடையும் கொடுத்து ஆதரித்தார்கள். தீவின் மறுபக்கம் தங்கிவிட்ட மூவரையும் தங்கள் கப்பலிலேயே போய் அழைத்து வந்தார்கள். ஷாக்கிள்டனின் கல்லறையும் இன்று கிரிட்விக்கனில்தான் இருக்கிறது.

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. நல்ல மனிதர்கள், விருந்தோம்பத் தெரிந்தவர்கள். எனினும் அவர்களுடைய பேரேட்டில் கடலின் பெயருக்கு ஒரு பக்கமே இல்லை. வாங்குபவனுக்குக் கணக்கு இருந்தது, கூலிக்காரனுக்குக் கணக்கு இருந்தது. சரக்கு கொடுத்த கடலுக்கு மட்டும் இல்லை. ஆகவே கைமுதலை எடுத்துத் தின்றுகொண்டே அதை லாபம் என்று எழுதிவந்தார்கள்.

அக்காலத்தவருக்கு இது தெரியாது என்று சிலர் சொல்லக்கூடும். தெரிந்திருந்தது. திமிங்கிலம் அருகிவிடுமோ என்ற கவலையால் 1925லேயே அத்தீவில் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அதன்பிறகும் நாற்பது ஆண்டுகள் வேட்டை நடந்தது. "நாம் விட்டால் அடுத்தவன் பிடித்துக்கொள்வான்" என்ற சமாதானம் நமக்கும் புதிதன்று.

நாமும் குற்றமற்றவர்களல்லோம். கிழக்குக் கரைச் சந்தைகளில் ஆமை முட்டை குவிந்திருந்தபோது விலை கேட்டோமே தவிர, நாளை எங்கிருந்து வரும் என்று கேட்டோமில்லை. ரந்தாவ் அபாங் கரைக்குப் பெரிய தோலாமைகள் வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது. அதற்குப் பிறகு, 2022இல்தான் திரெங்கானுவில் எல்லா ஆமை முட்டைகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டது.

கடன் பட்டவன் போனாலும் கடன் போவதில்லை. கப்பல்களோடு வந்த எலிகள் தெற்கு ஜார்ஜியாவில் பறவைக் குஞ்சுகளைத் தின்று வந்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவு தூவி அவற்றை ஒழித்தார்கள். எலியற்ற தீவு என்று 2018இல் அறிவித்தார்கள். இன்று பிரயாணிகள் காலணியைக் கழுவி, பையில் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். 2020இல் நடந்த ஆய்வில் 50க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் அக்கடலில் தென்பட்டன. பாட்டன் எழுதாத கணக்கைப் பேரன் தீர்த்து வருகிறான்.

நம் பிள்ளைகளுக்கு நாம் கடையை விட்டுச் செல்லப் போகிறோமா, கடனை விட்டுச் செல்லப் போகிறோமா? சரக்கு என்ன விலை என்று கேட்கும் நாம், அது எங்கிருந்து வந்தது, இனியும் வருமா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். கடலும் காடும் நம்மிடம் விடப்பட்ட அமானிதம். அதற்கும் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்து வைப்போமாக.