மருந்து காட்டும் ஒளி

டெல்லி கிட்வாய் நகரில், மகனுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வசித்து வந்தார். ஒரு ஞாயிறு மாலை, விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் பேரன் வீட்டுக்கு வந்து, கணினியில் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைக் காட்சிகள் திடீரென்று வண்ணமாயின. ஓர் உருவத்தின்மேல் மற்றோர் உருவம் படர்ந்தது. பெரியவரும் அருகில் அமர்ந்தார். திரையில் தாடியுடன் ஒரு துறவி தோன்றியதும், "இவர் நம் செட்டிபாளையத்துச் சுவாமிகள் அல்லவா!" என்று வியந்தார்.

அந்தப் படம் 'சாப்பக்குவா'. அமெரிக்கரான கான்ராட் ரூக்ஸ் தாமே எழுதி, இயக்கி, நடித்தது. மதுவுக்கும் போதைப் பொருள்களுக்கும் அடிமைப்பட்டுச் சிகிச்சை பெற்ற தம் அனுபவத்தையே அவர் கதையாக்கினார். இசை பண்டிட் ரவிசங்கர். 1966ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அது நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. படத்தில் தோன்றும் சுவாமி சச்சிதானந்தர் 1914இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1949இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றவர். போதையும் இசையும் கலந்து பெருகிய அந்தத் தலைமுறையின் வுட்ஸ்டாக் விழாவில், 1969 ஆகஸ்ட் 15 அன்று தொடக்கவுரை ஆற்றியவரும் அவரே.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, யோகிகளும் ஒளியைக் கண்டதாகச் சொல்கிறார்கள். இவர்களும் ஒளியைக் கண்டார்கள். ஒரு மாத்திரையில் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் ஏன் கண்மூடி உட்கார வேண்டும்?"

அதட்டி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அதட்டல் வாயை அடைக்குமே அன்றி ஐயத்தைத் தீர்க்காது. மேலும், கேள்வி புதியதும் அன்று. யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தைத் தொடங்கும்போதே பதஞ்சலி முனிவர், பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி என்னும் ஐந்தாலும் சித்திகள் உண்டாகலாம் என்கிறார். மூலிகையை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஆறாம் சூத்திரத்தில், இவற்றுள் தியானத்தில் பிறந்த சித்தம் ஒன்றே வாசனைகளின் படிவு அற்றது என்று பிரித்துக் காட்டுகிறார்.

அப்படியானால், கண்ட காட்சி எது என்பதன்று, கண்டவனிடம் எஞ்சுவது எது என்பதே கேள்வி. மருந்தின் வேகம் அடங்கியதும் பழைய கோபம் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது. பழைய அச்சமும் அப்படியே. ரூக்ஸின் கதையே இதற்குச் சான்று. விடுதலை என்று அவர் பற்றிய பொருளிலிருந்தே விடுதலை தேடி மருத்துவமனையின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

இந்த உரைகல் தியானம் செய்வோருக்கும் பொருந்தும். பூஜையறையில் கண்மூடி ஆனந்தித்து, எழுந்ததும் வீட்டாரிடம் சீறுபவருக்கு அந்த ஆனந்தமும் ஒருவகைப் போதையே. காட்சிக்காக ஏங்கும் சாதகனும் மாத்திரைக்காக ஏங்குபவனும் ஒரே சந்தையில் நிற்பவர்கள்தாம், விலைதான் வேறு.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தார். சற்று நேரம் பேசாமலிருந்த பேரன், தணிந்த குரலில், "விடுதியில் ஒரு நண்பன் எனக்கும் தருவதாகச் சொன்னான், தாத்தா" என்றான்.

பெரியவரின் முகம் ஒரு கணம் வாடியது. ஆயினும் அவர் கடிந்துகொள்ளவில்லை. "மறுநாள் அவன் எப்படி இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டார்.

பேரன் யோசித்தான். "யாருடனும் பேசுவதில்லை. சாப்பிடவும் வருவதில்லை."

"உனக்கு வேண்டிய விடை அதில் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது வேறு. வருகிற ஞாயிறு அவனைச் சாப்பிட இங்கே அழைத்து வா" என்றார் பெரியவர்.