கட்டுகஸ்தோட்டையில் ஒரு முறைப்பாடு

கண்டி நகரில் தலதா மாளிகை, நாத தேவாலயம், பரிசுத்த பவுல் ஆலயம் மூன்றும் அருகருகே நிற்கின்றன. மீரா மக்காம் பள்ளிவாசலுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். மத நல்லிணக்கம் என்று சுற்றுலாப் பிரசுரங்கள் படம் போடுவது இதைத்தான். கட்டடங்களுக்குள் உண்மையிலேயே தகராறு எதுவும் இல்லை.

தகராறெல்லாம் வீதியில். கம்பளை வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912இல் பிரித்தானிய அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். தேவாலய நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். பௌத்தத்தைக் காப்போம் என்று 1815 கண்டி ஒப்பந்தத்தில் அதே பிரித்தானியர் எழுதிக் கொடுத்ததே அவருடைய ஆதாரம். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அவ்வாண்டு வெசாக் நாளில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதைத் தடுக்கத் தவறிய அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்து, மதுவிலக்குப் பிரசாரம் செய்துகொண்டிருந்த டி.எஸ். சேனாநாயக்கவைச் சிறையில் போட்டது. பிந்தி வருவதும், வந்தபின் ஆள் மாறிப் பிடிப்பதும் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை.

2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு வாகனத் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்தார். தாக்கியவர்கள் முஸ்லிம்கள். அதற்குப் பழியாக, அருகிலுள்ள திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. சிங்கள இனவாத அமைப்பான மகாசோன் பலகாயத்தின் அமித் வீரசிங்க கைதானார். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயர் தாங்கிய சட்டம் அது. இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் அது எழுதப்பட்டது என்று பலரும் நம்பினோம்.

இரண்டு வருடம் கழித்து அந்தச் சட்டம் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தது. ஓய்வுபெற்ற அரச அதிகாரி ரம்ஸி ராஸிக், இனவாதத்துக்கு எதிராக முகநூலில் சிங்களத்தில் எழுதிவந்தவர். 2020 ஏப்ரலில், கொரோனாவைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட நேரம். இதற்குச் சிந்தனை ஜிஹாத்தால் பதில் சொல்ல வேண்டும், பேனையும் விசைப்பலகையுமே ஆயுதம் என்று எழுதினார். கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கேட்டுப் பொலிஸில் முறைப்பாடு செய்தார். ஏப்ரல் 9ஆம் திகதி பொலிஸ் வீடு தேடி வந்தது, அவரையே பிடித்துக்கொண்டு போக. மிரட்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஊரடங்குச் சட்டத்தை மதித்திருப்பார்கள்.

அவர் உள்ளே போன இரண்டாம் நாள், ஏப்ரல் 11ஆம் திகதி, கொரோனாவில் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் 2021 பெப்ரவரி வரை எரிந்தன. அதற்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024இல். எரித்த சாம்பலுக்கு மன்னிப்பு கேட்கவா போகிறது?

ராஸிக்குக்கு செப்டெம்பரில்தான் பிணை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராக, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன ஞானசார தேரரை ஜனாதிபதி நியமித்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டு, முந்தைய ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தவர் அவர். ஒரே சட்டம் பற்றி அவரைவிட அனுபவத்தோடு பேச யாரும் கிடைக்கவில்லை போலும்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஸிக்கின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, அரசு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்ததற்கு ஆள் மாறிப் பிடித்த பொலிஸ் மட்டும் காரணமல்ல, சட்டத்தின் 3ஆம் பிரிவும் காரணம். அதன்படி கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான், கொடுக்கலாம். பிழையாகப் பிடிபட்டவரைப் பிழை என்று தெரிந்தபிறகும் நீதவானால் பிணையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மத சுதந்திரம் பற்றி மேடையில் பேசும் நம் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் முதலில் அந்த ஒரு வரியை நீக்கட்டும்.