சீதன வீடும் உதைபந்தும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மணமுறிந்த பெண்ணைத் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவள் என்று சொல்வது பல நேரம் பொருந்தாது. அவள் அந்த வீட்டை விட்டுப் போனதே இல்லை. யாழ்ப்பாண வழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். ஆண்பிள்ளைகள் மணம் செய்த இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே மணம் முறிந்தால் பெட்டியோடு வெளியேறுபவர் பெரும்பாலும் கணவர்தான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறாக ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையும் அதைத் திருத்திய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இந்தச் சொத்துமுறையை ஆள்கின்றன. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு கேட்கக்கூடாது என்பது பழைய வழமை. எனவே அந்த வீடே அவளுக்கு எல்லாம். அதையும் மணவாழ்வு நீடிக்கும்வரை கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் விற்க முடியாது.

உறுதியில் அவள் பெயர் இருக்கிறது. உதைபந்தாட்டப் பித்துப் பிடித்த குடும்பத்தின் பேச்சில் அவளுக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பெற்றோர் மகளோடு இருப்பதால், உலகக் கிண்ணப் போட்டி வந்தால் தமையன்மாரும் தம்பிமாரும் அவளுடைய விறாந்தையில்தான் கூடுவார்கள். வீட்டுக்காரி இடைவேளைக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது என்பதும் இதற்குக் காரணமல்ல. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பட்டம் வென்றவர்கள். ஆனால் அப்படி ஆடிய பெண்களும் மணமானபின் மைதானத்துப் பக்கம் போவது அரிது.

இத்தகைய குடும்பத்தில் அத்தான், அதாவது அவளுடைய கணவர், பெரும்பாலும் மச்சான்மாரின் கழகத்துக்காரர். சம்பந்தமே மைதானத்தில் பேசித் தொடங்கியிருக்கும். சிக்கல் இங்கேதான். நீதிமன்றம் திருமணத்தை முறிக்கும். கழக அங்கத்துவத்தை முறிக்காது. அவர் மாலையில் வழக்கம்போல மைதானத்துக்கு வருவார், மச்சான்மார் அவருக்குப் பந்து கொடுப்பார்கள். தாய்மாமனோடு போகும் பிள்ளை தகப்பனையும் அங்கே காணும். அது பிள்ளைக்கு நல்லதே. ஆனால் வீட்டை இழந்தவர் குடும்பத்தின் சகவாசத்தை வைத்துக்கொள்ள, வீடு உள்ளவள் அதை இழக்கிறாள்.

“நாங்கள் இரண்டு பேருக்கும் பொது” என்று சகோதரர் சொல்வதுண்டு. இலங்கைச் சட்டம் அந்த வசதியை எளிதில் தருவதில்லை. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் மணவிலக்குக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிடுதல், மணநாளிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. மனமொத்துப் பிரிதல் அதில் இல்லை. தவறு ஒருவர் தலையில் எழுதப்பட்டாக வேண்டும். வழக்கில் தங்கைக்காகச் சாட்சி சொன்னவர் மறுநாள் மைதானத்தில் நடுவராகிவிட முடியாது. அந்தப் பொதுத்தன்மை பெரும்பாலும் நல்ல முன்னணி ஆட்டக்காரரை இழக்க மனமில்லாததுதான்.

அதற்காகச் சகோதரர் கழகத்தை விடவேண்டும் என்பதில்லை. மைதானம் ஊருக்குப் பொது. விறாந்தை அப்படியல்ல. விலக்குத் தீர்ப்புக்குப்பின் கணவரின் சம்மதமின்றியே அவள் தன் காணிக்கு ஒப்பமிடலாம். அந்த வீட்டுக்கு ஆட்டம் பார்க்க யார் வரலாம் என்பதையும் அவளே சொல்லட்டும். அத்தானை அழைத்துவருமுன் தமையன்மார் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.