காவலர் வீட்டு அன்னம்

தில்லியில் ஸ்ரீ அரவிந்தர் சாலையின் ஓரமாக, தில்லி ஹாட்டுக்கு எதிரில், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும் என்கிற சந்துகளாகக் கிடக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையேனும் நான் போகாமல் இருப்பதில்லை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சேனை, மரவள்ளிக்கிழங்கு, நேந்திரங்காய், ஈரம் உலராத கறிவேப்பிலை, பனிக்கட்டிமேல் பரப்பிய வஞ்சிரம், மத்தி ஆகிய யாவும் ஓரிடத்தில் கிடைப்பதும், வடநாட்டுக் கடைக்காரர்கூட நம் மொழியில் நாலு வார்த்தை பேசி வியாபாரத்தை முடிப்பதும், பிழைப்புக்காக இங்கே வந்த தென்னாட்டாரை அந்தச் சந்துகளுக்கு இழுத்துவிடுகின்றன. கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், மீன் கடை வாசலில்தான் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தேன்.

மனைவி ஒவ்வொரு மத்தியாக எடுத்துச் செவுளை விரலால் நீக்கி நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரோ தூணில் முதுகைச் சாய்த்து, சந்தின் இரண்டு முனைகளையும் மாறி மாறி நோக்கியபடி, சற்றைக்கொருதரம் உதடு அசைய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பேச்சு காதில் விழவே நான் நின்றேன். அவர் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 8-ஆம் அணியில் ஏட்டு. திகார் சிறையில் அவருக்குப் பாரா. அந்தப் படையினர் பல பத்தாண்டுகளாகத் திகாரைக் காத்து வருவது தமிழ்நாட்டில் பலர் அறியாத செய்தி.

"ஊர்ல எப்படிச் சமைச்சேனோ அப்படித்தான் இங்கேயும் சமைக்கிறேன், ஐயா. கீரை, மீனு, கம்பஞ்சோறு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யறேன். இவங்க உக்காந்து சாப்பிட்டாத்தானே? உக்காந்தாலும் தட்டைப் பாக்கிறதில்ல. நாங்க எத்தனை பேரு இருக்கோம்னு எண்ணிக்கிட்டே இருக்காங்க" என்று அந்த அம்மாள் முறையிட்டாள். ஏட்டையா தலை குனிந்தார். "லாக்-அப்புல எண்ணி எண்ணிப் பழகிப்போச்சு, ஐயா" என்றார். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாகப் பரிசோதனையில் சொன்னார்களாம்.

இரவில் விழித்துப் பகலில் உறங்குகிறவனுடைய உடம்பு அவனுடைய ட்யூட்டி அட்டவணையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. நள்ளிரவில் உண்ட சோற்றை அது நண்பகலில் உண்டதுபோல் ஏற்பதில்லை. அவ்வேளையில் இன்சுலின் மந்தமாகவே வேலை செய்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி திறக்கிறது என்பது வைத்தியர்கள் நன்கு கண்டு சொன்ன உண்மை. மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் ஒரு மூலிகையின் பெயரையும் கூறாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். கம்பும் முருங்கையும் மத்தியும் அந்த வீட்டில் இருக்கின்றன. தில்லியில் கம்பு மலிவு, குளிர்காலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆயினும் அந்த அம்மாளின் முறையீடு வைத்தியத்தோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல அன்னம் எது, அதை நல்லதாக்குவது எது என்கிற பழைய விசாரத்தின் நடுவிலே அவள் அறியாமலே வந்து நின்றிருந்தாள்.

அன்னத்தையும் மனத்தையும் ஒரே சரட்டில் கோத்துக் காட்டியது சாந்தோக்ய உபநிஷதம். உண்ட அன்னத்தின் ஸ்தூலமான பகுதி கழிவாகவும், நடுப்பகுதி தசையாகவும், அதிசூக்ஷ்மமான பகுதி மனமாகவும் ஆகிறது என்று உத்தாலகர் தம் புதல்வன் சுவேதகேதுவுக்குப் போதிக்கிறார். வாய்ச்சொல்லால் அவன் தெளியமாட்டான் என்று கண்டு, நீரை மட்டும் பருகிப் பதினைந்து நாள் உபவாசம் இருக்கச் செய்து, பிறகு வேதத்தைச் சொல் என்கிறார். மனப்பாடமாயிருந்த வேதம் அவனுக்கு நினைவில் எழவில்லை, உண்டபின் எழுந்தது. அதே உபநிஷதத்தின் பிற்பகுதியில், ஆகாரம் சுத்தமானால் சித்தம் சுத்தமாகும் என்கிற உபதேசம் வருகிறது. இந்த ‘ஆகாரம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவதில்தான் நம்முடைய இரு பெரும் ஆசாரியர்கள் இரு வேறு திசையில் சென்றார்கள்.

ராமானுஜருக்கு ஆகாரம் என்பது உண்ணும் உணவேதான். அதற்கு மூன்று வகையில் தோஷம் வரலாம் என்று ஸ்ரீபாஷ்யம் கூறுகிறது: பொருளின் ஸ்வபாவத்தால் வருவது ஒன்று, அது யாரிடமிருந்து வந்ததோ அவரால் வருவது ஒன்று, மயிரோ தூசியோ விழுந்து வருவது ஒன்று. முதலாவதையும் மூன்றாவதையும் அந்த அம்மாளின் அடுப்படி பார்த்துக்கொள்ளும். இரண்டாவதான ஆசிரய தோஷம் என்பதைத்தான் நாம் நிதானித்து நோக்கவேண்டும். ஏனெனில் நம் நாட்டில் அது கொடுத்தவனுடைய ஒழுக்கத்தை விட்டு அவனுடைய பிறப்பைப் பற்றிக்கொண்டு, எண்ணிறந்த மனிதரை அவமதிக்கும் ஆயுதமாகிவிட்டது. சிறைக்கூடத்தின் சமையலறைக்குள்ளும் அது புகுந்தது. இன்ன ஜாதியார்தாம் சமைக்கலாம், இன்னார்தாம் கழிவறை கூட்டவேண்டும் என்று வேலை பகுத்த சிறை விதிகளை 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தள்ளும் வரையில், சுதந்திர இந்தியாவின் விதிப்புத்தகங்களில் அவை அச்சில் இருந்தன என்பதை எண்ண எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்த சந்தையின் பெயரே இதற்கு ஒரு மறுமொழி. ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைக் குறிக்கும் பெயர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை விட்டு அதில் சேர்ந்த தமிழர் எத்தனையோ பேர். அந்த ராணுவத்தின் தளகர்த்தர்களை 1945-ஆம் ஆண்டு நவம்பரில் செங்கோட்டையில் வைத்து விசாரித்தார்கள். அங்கே சிறைப்பட்டிருந்த வீரர்களைக் காந்தியடிகள் பார்க்கப் போனபோது, எங்களுக்கு ஹிந்துத் தேநீர் என்றும் முஸ்லிம் தேநீர் என்றும் தனித்தனியே கொண்டுவந்து தருகிறார்கள், நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுப் பருகுகிறோம் என்று அவர்கள் சொன்னதாக வரலாறு வழங்குகிறது. கைதிகளாயிருந்தவர்கள் அந்த ஒரு கோப்பையில் செய்தது பெரிய சாஸ்திரத் திருத்தம் என்று நான் கருதுகிறேன்.

பிறப்பை நீக்கி, கொடுப்பவனுடைய எண்ணத்தை மட்டும் நோக்கினால், ஆசிரய தோஷம் என்பது காவலர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 1986 மார்ச் 16-ஆம் தேதி, பிறந்தநாள் கொண்டாட்டம் என்ற வியாஜத்தில் தூக்க மருந்து கலந்த இனிப்புகளைக் காவலருக்குக் கொடுத்து உறங்கவைத்துவிட்டு, கைதி சார்லஸ் சோப்ராஜ் திகாரின் வாயில் வழியாகவே வெளியேறினான். அடுத்த மாதம் கோவாவில் பிடிபட்டான். உள்ளே இருப்பவன் கையிலிருந்து ஒரு மிட்டாய்கூட வாங்கலாகாது என்பது காவலனுக்கு நியமம். நியமம் நியாயமானதுதான். ஆனால் பகலெல்லாம் நீட்டப்படும் ஒவ்வொரு கையையும் சந்தேகித்துப் பழகிய ஒருவன், மாலையில் சொந்த மகள் நீட்டும் கவளத்தை எந்த முகத்தோடு வாங்குவான்? பழக்கத்தை யூனிபாரத்தோடு ஆணியில் மாட்டிவிட்டு வர முடிகிறதா?

இங்கேதான் சங்கரருடைய வியாக்கியானம் எனக்கு அத்தியாவசியமாகத் தோன்றுகிறது. அவருக்கு ஆகாரம் என்பது வாயால் கொள்வது மட்டுமன்று. அனுபவத்துக்கென இந்திரியங்கள் உள்ளே கொண்டுவரும் யாவும் ஆகாரம். கேட்கும் சப்தம், காணும் உருவம் எல்லாம் உண்ணப்படுகின்றன. விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றும் கலவாமல் அவற்றைக் கொள்வதே ஆகார சுத்தி. இந்தக் கணக்கின்படி பார்த்தால் ஏட்டையா வீட்டில் இரண்டு வேளைதான் உண்கிறார். சிறையிலோ பாரா நேரம் முழுவதும் இடைவிடாமல் உண்கிறார். இரும்புக் கதவு விழும் ஓசையை உண்கிறார். வசவை உண்கிறார். ஜாமீன் கிடைக்காமல் கோர்ட்டிலிருந்து திரும்பியவனுடைய மௌனத்தை உண்கிறார். 2023 மே மாதம் திகாரில் ஒரு கைதி சக கைதிகளால் குத்திக் கொல்லப்பட்டதும், அங்கே இருந்தும் தடுக்கவில்லை என்று தமிழ்நாட்டுக் காவலர் எழுவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் நாட்டுக்கே தெரிந்த செய்தி. குற்றம் யாருடையது, எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க நான் நீதிபதி அல்லேன். அந்தக் காட்சி உள்ளே சென்ற கண்களோடு அன்று திகாரிலிருந்து வீடு திரும்பியவர்கள் இலையின் முன் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் நினைக்கிறேன். முருங்கைக்கீரை இரும்புச் சத்தைத் தரும். கண்ணால் உண்டதைச் செரிக்க வைக்க அதனால் ஆகாது.

இதைச் சிறை நிர்வாகமே ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. கிரண் பேடி திகாரின் தலைமை அதிகாரியாயிருந்த காலத்தில், 1994-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்குத் தியான ஆசாரியர் கோயங்கா விபஸ்ஸனா தியானம் பயிற்றினார். சிறை ஊழியரிலும் சிலர் அப்பயிற்சியில் அமர்ந்தனர். பூட்டியவனும் பூட்டப்பட்டவனும் ஒரே மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தது நல்ல காரியம். ஆயினும் அந்தப் பயிற்சி கேட்கும் பத்து நாள் மௌனத்துக்கு விடுப்புக் கிடைக்காத கான்ஸ்டபிள்தான் அதிகம். அவனுக்கு அன்றாடம் செய்யத்தக்க உபாயம் ஒன்று வேண்டும். வேளைக்குச் சோறும் ஒழுங்கான ஷிப்டும் அளிப்பது அரசின் கடமை என்பதைப் பற்றி வாதமே இல்லை. அதற்குமேல் அவனே செய்துகொள்ளக்கூடியது என்ன?

தமிழ் நூல்களில் சிறைக் காவலர் இரண்டு இடங்களில் எனக்குத் தென்படுகிறார்கள். ஒன்று, சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதை. அவன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே தரவில்லை. தாமதித்து, மதியாமல் தந்தார்கள். அந்த நீரை அவன் பருகாமலே உயிர் நீத்தான் என்று புறநானூற்றின் 74-ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. மன்னனுடைய மானத்தைக் காலமெல்லாம் புகழ்ந்திருக்கிறோம். குவளையைத் தாமதித்து நீட்டிய அந்தக் காவலன் அன்றிரவு தன் வீட்டில் எப்படி உண்டான் என்று யாரும் கேட்கவில்லை. மற்றொன்று மணிமேகலை. அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்குள் புகுந்து அவள் அங்கிருந்தோரின் பசியைத் தீர்த்தபோது, ஒரே பாத்திரத்திலிருந்து இத்தனை பேர் உண்பதைக் கண்டு முதலில் அதிசயித்தவர்களும், அரசனிடம் சென்று அதைச் சொன்னவர்களும் சிறைக் காவலர்களே. அதன் பயனாகத்தான் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. அந்தக் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அந்த நற்செய்தியைத் தேவர் வாயிலோ முனிவர் வாயிலோ வைக்காமல் காவலர் வாயில் வைத்தது தற்செயலென்று நான் நம்பமாட்டேன். கைதியின் பசியை நாள்தோறும் கிட்டத்தில் இருந்து காண்பவன் அவனே. சாவி எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையைத் தாண்டித்தான் சோறு உள்ளே போகவேண்டும். அந்த அளவில் காவலனும் ஓர் இல்லறத்தானே. அழைக்காமல் வந்த விருந்து அவனுடைய வார்டு நிறைய இருக்கிறது.

இவ்வளவையும் சந்தையில் நின்று நான் சொல்லவில்லை. இரும்பொறையின் கதையை மட்டும் சொன்னேன். ஏட்டையா மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்ககிட்டயும் அப்படி நடக்கும், ஐயா" என்றார். கோர்ட்டுக்குப் போன விசாரணைக் கைதிகளின் வண்டி சில நாள் நேரம் கழித்து வருமாம். அதற்குள் ராத்திரிச் சாப்பாடு பங்கிட்டு முடிந்திருக்குமாம். வந்தவன் ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வானாம். "இப்பல்லாம் எத்தனை பேரு வரணும்னு முன்னாடியே கணக்குப் பார்த்து, அத்தனை பேருக்கு ரொட்டியும் பருப்பும் மூடி எடுத்து வைக்கச் சொல்லி வார்டர்கிட்ட சொல்லிடுவேன். எண்ணுறதுதானே நமக்கு வேலை? அதையும் சேர்த்து எண்ணிடுறேன்."

"அதைச் செஞ்ச அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு வீட்டுல சோறு இறங்குது, ஐயா."

அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்தச் செய்தி அவளுக்கே புதிது என்பது முகத்தில் தெரிந்தது. "என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை.

அப்பால் முருங்கைக்காய்க் கடையில் அவள் ஒரு காயை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். நார் ஓடாமல் வளைந்து கொடுத்தது. ஆறு காய் எடுத்தாள். இரவு 9 மணிக்கு அவருக்குப் பாரா. 7 மணிக்குக் குழம்பு இறங்கிவிடும், நாலு பேரும் ஒன்றாய் உட்கார்ந்துவிடலாம் என்று அவள் கணக்குச் சொல்ல, பெரிய பெண் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெட்ரோ நிலையத்தின் படியில் இறங்குமுன் ஏட்டையா வழக்கம்போல் ஒருமுறை திரும்பி, மூன்று பேரையும் எண்ணினார்.